கழுவிவிட்ட கொட்டாய்

எங்கள் ஷூ கம்பெனியில் என் வேலை குறை சொல்வது. தைத்து முடித்த மேல்பாகங்கள் ஒவ்வொன்றாக வெள்ளை விளக்கின் கீழ் என் முன்னால் வரும். தோலில் ஒரு கீறலோ, உண்ணி கடித்த தழும்போ, தையலில் நூல் ஒன்று தப்பிப் போனதோ தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மாதனூரிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார யாரும் போட்டி போடுவதில்லை. பொட்டு கோணலாக இருந்தால்கூடச் சொல்லிவிடுவேன் என்று பயம். பெயர் கலையரசி, வயது நாற்பத்தைந்து. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில்களை இங்கே எழுத முடியாது.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, என் வீட்டு மாட்டுக்கு என்ன கோளாறு என்று ஒன்பது மாதம் தெரியாமல் இருந்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மாட்டின் பெயர் பிருந்தா. ஜெர்சி கலப்பு, செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. அது பிறந்த நேரத்தில் தூரத்தில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் போன சத்தம் கேட்டதாம், அப்பா அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பத்து நிமிடம் தள்ளிப் பிறந்திருந்தால் கூட்ஸ் என்று வைத்திருப்பார். அவருடைய கற்பனை அவ்வளவுதான்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். தம்பி பாண்டியன் ஓசூரில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டுவான். ஆக, வீட்டில் நானும் பிருந்தாவும்தான். காலை நாலரைக்கு எழுந்து மாட்டுக் கொட்டாயைக் கழுவி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, ஆறு நாற்பது பஸ்ஸைப் பிடிப்பேன். திரும்ப ஏழரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிருந்தாவைத் தவிர யாரிடமும் பேச்சு கிடையாது. திங்கட்கிழமை பஸ்ஸில் டிரைவரிடம் முதல் வார்த்தை பேசும்போது குரல் கரகரவென்று வரும். தொண்டையைச் செருமிக்கொள்வேன், சளி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் உண்டு. கை பழகிப் போய் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். அப்பா தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்துப் போய்ப் பிருந்தாவின் கழுநீர்த் தொட்டியில் கொட்டுவேன். அப்பா கட்டிலிலும் சாயங்காலம் ஜமுக்காளத்தை விரித்துவிடுவேன். விரிக்காமல் இருந்து பார்த்தேன், கட்டிலைப் பார்க்கவே முடியவில்லை. பாண்டியன் வருகிற அன்று மட்டும் ஜமுக்காளத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டு, அப்பா தட்டைச் சாமான் மூட்டைக்குள் வைத்து, வீட்டை மெழுகித் துடைத்து வைப்பேன். அவன் வந்து, "நல்லா இருக்கியாக்கா?" என்பான். "எனக்கின்னா?" என்பேன்.

போன வருடம் ஆடியில் பிருந்தா கன்று போட்டது, நான் கம்பெனியில் இருந்த நேரத்தில். ஏழரைக்கு வந்து பார்த்தால் காளைக்கன்று ஒன்று நனைந்து போய் நிற்கிறது, பிருந்தாவின் பின்னால் நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலைவரை அது விழவில்லை. நஞ்சில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டால் கனத்துக்கு விழுந்துவிடும் என்று அப்பா செய்து பார்த்திருக்கிறேன். நானும் கட்டிவிட்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் செருப்பும் நஞ்சும் தரையில் கிடந்தன. வேலை முடிந்தது என்று எடுத்துப் புதைத்தேன். கன்றை மூன்று மாதத்தில் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று.

ஐப்பசியில் எனக்கும் எதிர்வீட்டு ஜஹீதாவுக்கும் சண்டை. ஜஹீதா ஷூ மேல்பாகங்களை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவள். வெளிச்சத்துக்காக நாள் முழுக்க வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் கொட்டாயைக் கழுவிவிடும் தண்ணீர் சந்தின் குறுக்கே ஓடி அவள் வாசலில்தான் போய் நிற்கும். ஒருநாள் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது குறுக்கே வந்தாள்.

"க்கா, உன் மாட்டு தண்ணியில வெள்ள வெள்ளயா இன்னாமோ வருது. நாத்தம் தாங்கல. இன்னான்னு பாரு."

"மாடு வச்சிருந்தா தண்ணி வரத்தான் செய்யும். உன் வூட்டு சொல்யூஷன் நாத்தத்த நான் எப்பனா கேட்டனா?" என்றேன்.

பசை நாற்றத்தைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. நான் இன்னும் ஒரு வாளி தண்ணீர் சேர்த்து ஊற்றினேன், ஒரு சொட்டு பினாயிலும் விட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பு எனக்கு.

கார்த்திகையில் பிருந்தா பருவத்துக்கு வந்து கத்தியது. சினை ஊசி போடுகிற கோபிநாத்துக்கு போன் செய்தேன். அவர் பைக்கில் ஊர் ஊராகப் போய் ஊசி போடுபவர், இந்தப் பக்கம் வர பதினோரு மணி ஆகும். நான் இருக்க மாட்டேன். ஆனாலும் என் வீட்டு மாடு அசிங்கமாக நிற்கக் கூடாது இல்லையா? கம்பெனிக்குச் சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வருகிற நாளில் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். அன்று கழித்துப் போட்ட பெட்டிகளையெல்லாம் குடோனுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மேசையைத் துடைத்து, நல்ல ஜோடிகளை மட்டும் முன்னால் அடுக்குவோம். அப்படியே பிருந்தாவின் பின்பக்கத்தைச் சோப்பு போட்டு அலசி, வாலைச் சீவி, தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனேன். சாயங்காலம் கோபிநாத் போனில், "மாடு பளிச்சுனு கீதுக்கா, கண்டிப்பா நிக்கும்," என்றார்.

நிற்கவில்லை. மறுபடி தை மாதம் போட்டார், பங்குனியிலும் போட்டார். மூன்று முறையும் கழுவி வைத்தேன், மூன்று முறையும் மாடு திரும்பக் கத்தியது. பால் இரண்டு லிட்டருக்கு வந்துவிட்டது.

பாண்டியன் போன் செய்தான். "க்கா, ஆவணி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள செனை நிக்கலன்னா குடுத்துடலாம். நீயும் எவ்ளோ நாள் பேஜார் படுவ?"

பேஜார் என்பது நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை. அவன் வரும்போதெல்லாம், இந்த மாட்டால் ஒரே பேஜார், ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடியவில்லை என்று நானேதான் அலுத்துக்கொள்வேன். எனக்கும் ஏதோ வேலை தலைக்கு மேல் இருப்பதுபோல் ஒரு பெருமை.

சினை நிற்காத மாட்டை வாங்குகிறவர்கள் அதைப் பாலுக்காக வாங்குவதில்லை. அது போய், தோலாக வந்து சேரும் இடத்தில்தான் நான் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அன்று விளக்கின் கீழ் ஒரு பழுப்புத் தோலைத் திருப்பிப் பார்க்கும்போது கை நின்றுவிட்டது. எந்த மாட்டின் தோல் என்று தோலில் எழுதியிருப்பதில்லை. அந்த ஜோடியில் குறை எதுவும் இல்லை, இருந்தும் அதை அனுப்ப எனக்கு நேரம் பிடித்தது.

கோபிநாத்தே சொன்னார், "டாக்டரு கிட்ட ஒரு தபா காட்டிடுங்கக்கா." சித்திரையில் ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். டாக்டர் ஸ்வேதா ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், சிரிப்பைச் சிக்கனமாக வைத்திருப்பவர். கொட்டாய்க்குள் நுழைந்ததும் நின்றார்.

"பினாயில் ஊத்துனீங்களா?"

"ஆமா மேடம். நாலு மணிக்கே எழுந்து எல்லாம் கழுவிட்டேன். வாலக்கூட சோப்பு போட்டு அலசிட்டேன்." பாராட்டுவார் என்று பார்த்தேன்.

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்களே."

அவர் பையைத் திறந்தார். தோள்வரை வரும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு பிருந்தாவின் பின்னால் போய்க் கையை உள்ளே விட்டு, எதையோ தேடிப் பிடித்து மெதுவாக அமுக்கினார். பிருந்தா முதுகை வளைத்தது. அடுத்த நிமிடம், நான் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த தரையில் கெட்டியாக ஒரு கையளவு வெள்ளை வந்து விழுந்தது. திரிந்த பாலும் சீழும் கலந்ததுபோல் இருந்தது. நாற்றம் பினாயிலைத் தாண்டி வந்தது.

"இது எத்தன நாளா வருது?"

"வர்றதே இல்ல மேடம். சத்தியமா நான் பாத்ததே இல்ல."

"காலையில தரையில ஒண்ணும் கெடக்காதா?"

"இருட்டுலயே எழுந்து மொதல்ல தண்ணிய ஊத்திடுவேன்."

"ஊசி போட வர்றவரு பாக்கலயா?"

"அவரு வர்ற அன்னிக்கு இன்னும் ஜாஸ்தி கழுவுவேன் மேடம்."

டாக்டர் உறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாடு படுக்கும்போதுதான் இது வெளிய வரும். ராத்திரி வந்தத நீங்க இருட்டுல கழுவிட்டீங்க. சரி, பகல்ல வந்தத யாரு பாத்தா?"

"யாரும் இல்ல."

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

நஞ்சு விழுந்த கதையைக் கேட்டார். செருப்பு கட்டியதைச் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். இழுத்த இழுப்பில் நஞ்சு பாதி அறுந்து, மிச்சம் உள்ளேயே தங்கி அழுகியிருக்கிறது. கருப்பை முழுக்கச் சீழ். மூன்று ஊசியும் அந்தச் சீழுக்குள்தான் போயிருக்கிறது என்றார். "சுத்தமா வைக்கிறது நல்லதுதான். ஆனா எனக்கு காட்ட வேண்டியத கழுவிட்டு கூப்பிட்டா நான் எத பாத்து வைத்தியம் பண்ணுவேன்?"

வெட்கமாகப் போய்விட்டது. பத்தொன்பது வருடம் ஊரார் தைத்த தையலுக்கெல்லாம் அம்பு ஒட்டியவள் நான்.

டாக்டர் ஒரு ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை விட்டுக் கருப்பைக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினார். மூன்று நாள் வந்து மருந்து விடுவதாகச் சொன்னார். அதுவரையும் அதற்குப் பிறகு ஐந்து நாளும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, நானும் குடிக்கக் கூடாது. மாடு சீக்கிரமே பருவத்துக்கு வரும், அப்போது பின்னால் கோழைபோல் விழும் வழும்பைப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் இருந்து, விரலால் தூக்கினால் அறுந்து போகாமல் நீள வேண்டும். உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தாலும் சினை ஊசி போடக் கூடாது, அவரைக் கூப்பிட வேண்டும். "தரைய கழுவாம விடுங்க. பகல்ல யாராவது ஒருத்தர் கண்ணு வைக்கணும். அது இல்லாம இந்த மாடு தேறாது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பகலில் யாராவது ஒருத்தர். எனக்கு அப்போதுதான் ஐப்பசி மாதம் நினைவுக்கு வந்தது. வெள்ளை வெள்ளையாக வருகிறது என்று ஒருத்தி சொன்னாளே! ஆறு மாதம் முன்னாலேயே அம்பு ஒட்டிக் காட்டியிருக்கிறாள். நான் அவள் மேல் பாய்ந்திருக்கிறேன்.

சந்தின் அந்தப் பக்கம் போக எட்டு அடி. அதை நடக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஜஹீதா படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"ஜஹீதா."

"ம்."

"மாட்டுக்கு உள்ள சீழு வச்சிருக்காம். டாக்டரம்மா சொன்னாங்க."

"நான் சொல்லல?"

"சொன்ன."

"நீ இன்னா சொன்ன?"

"சொன்னேன். தப்புதான்."

ஊசியைத் தோலில் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். நான் தப்பு என்று சொல்லி அவள் மட்டுமல்ல, இந்தத் தெருவே கேட்டதில்லை. "உக்காரு," என்றாள். உட்கார்ந்து விவரத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆக, உன் மாட்டோட பின்னால நான் பகல் பூரா பாத்துனு இருக்கணும். நல்ல உத்தியோகம்," என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவளுடைய முக்காலி என் கொட்டாயைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அந்த எட்டு நாளும் பாலைக் கறந்து கறந்து எருக்குழியில் ஊற்றினேன். கழுவாத கொட்டாயை விட்டுவிட்டு பஸ் ஏறுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாணியை மட்டும் வாரிப் போட்டுவிட்டு, தண்ணீர் வாளியைத் தொடாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

ஐந்தாம் நாள் பிருந்தா கத்தியது. வழும்பு கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது என்று ஜஹீதா சொன்னாள். டாக்டர் வந்து மறுபடி மருந்து விட்டார், பால் மறுபடி எருக்குழிக்குப் போனது. அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஏழரைக்கு நான் வந்ததும் ஜஹீதா அன்றைய செய்தியைச் சொல்வாள். எத்தனை முறை படுத்தது, எந்த நேரம் அசை போட்டது, காக்கா வந்து முதுகில் உட்கார்ந்தது. இரண்டு நிமிடம்தான். பிறகு அவள் வீட்டுக்காரர் வந்துவிடுவார், கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்கும். நான் என் வீட்டைத் திறந்து விளக்கைப் போடுவேன். அந்த இரண்டு நிமிடத்துக்காக பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேகவேகமாக நடக்க ஆரம்பித்திருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனியில் உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வைகாசியில் ஒருநாள் வேலை முடிந்து போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் பதினோரு போட்டோ. எல்லாம் வழும்பு. தரையில் விழுந்தது, வாலில் ஒட்டியது, ஜஹீதாவின் இரண்டு விரலுக்கு நடுவே நூலாக நீண்டு தொங்குவது. அதில் வெயில் பட்டு அந்தப் பக்கம் இருக்கும் சுவர் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சுந்தரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது கருமம்!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. பொட்டிலிருந்து கொண்டைவரை குறை பார்க்கிற பழக்கத்தில், பதினோரு படத்தையும் பெரிதாக்கி ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

ஜஹீதாவின் குரலும் வந்திருந்தது. "க்கா, பத்து மணிலருந்து கத்துது. சுத்தமா கண்ணாடி மாதிரி வருது. டாக்டரம்மாக்கு போன் போட்டுட்டேன், சாயங்காலம் வந்து ஊசி போடறாங்களாம். நீ வந்து கழுவித் தொலைக்காத."

நான் போய்ச் சேரும்போது ஊசி போட்டாகிவிட்டிருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பிருந்தா கத்தவில்லை. ஆறு வாரம் கழித்தும் கத்தவில்லை. ஆவணி முதல் ஞாயிறு அன்று டாக்டர் வந்து கையை விட்டுப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "செனைதான். மூணு மாசம் ஆகப்போகுது," என்றார். எங்கள் வீட்டு வாசலில் அவர் முதல்முறையாக நன்றாகச் சிரித்தார்.

ஜஹீதா குடும்பத்தோடு வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். டாக்டர் போன பிறகு சொல்வதற்கு ஆள் இல்லை. பிருந்தாவிடமே சொன்னேன். அதற்குத் தெரிந்த விஷயம்தானே, தீனியைத் தின்றுகொண்டிருந்தது. பாண்டியனுக்கு போன் செய்தேன்.

"சூப்பர்க்கா!" என்றான். "இதுக்குத்தான் காத்துனு இருந்தேன். செனை மாடுன்னா கசாப்புக்கு குடுக்க வேணாம், நல்ல வூட்டுக்கே போகும். திமிரியில என் தோஸ்தோட மாமா ஒருத்தரு மாடு கேட்டுனு இருக்காரு. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டினு வர்றேன். உனக்கும் விடுதலைக்கா. இனிமே கம்பெனிக்கு போய்ட்டு வந்து நிம்மதியா படுக்கலாம்."

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைக்கிறான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரிடா," என்றேன். அதுதான் என் வாயில் வந்தது. போனை வைத்துவிட்டுக் கொட்டாய்க்குப் போய்ப் பிருந்தாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆவணி வரை என்றானே, மாடு சினை ஆகிவிட்டால் என்னோடு இருந்துவிடும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க மனசுக்குள் வசனம் தயார் செய்தேன். போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் துடைப்பத்தை எடுத்தேன். நாளைக்கு ஆள் வருகிறதே. வாளியில் தண்ணீர் பிடித்து, பினாயில் பாட்டிலைத் திறந்துகொண்டு கட்டில் பக்கம் வந்தேன். ஜமுக்காளத்தைச் சுருட்டக் குனிந்தபோது டாக்டர் கேட்டது காதில் கேட்டது. எத பாத்து வைத்தியம் பண்ணுவேன்? பாட்டிலை மூடி வைத்தேன். வாளித் தண்ணீரைப் பிருந்தாவுக்குக் குடிக்கக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாண்டியன் வந்தான். கூட வந்த திமிரிக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பிருந்தாவின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார், பல்லைப் பார்த்தார். பாண்டியன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

அவன் கட்டிலைப் பார்த்தான். விரித்த ஜமுக்காளத்தையும் தலைமாட்டில் மடித்து வைத்த அப்பாவின் துண்டையும் பார்த்தான். தரையில் இரண்டு தட்டு, ஒன்று மூடியிருந்தது.

"யாருக்கா வந்திருக்காங்க?"

"யாரும் வரல."

"ரெண்டு தட்டு கீது?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அப்பாவுக்கு. நான் துன்னு முடிச்சதும் அத எடுத்துனு போய் பிருந்தாவுக்கு வச்சிடுவேன்."

அவன் மூடியைத் தூக்கிப் பார்த்தான். ஆவி வந்தது. "எத்தினி நாளா?"

"அவரு போனதுலருந்து."

"நான் வர்றப்பல்லாம் ஒண்ணும் இல்லியேக்கா?"

"நீ வர்றப்ப எடுத்து வச்சிடுவேன். பாத்தா நீ இன்னா நெனப்ப?"

மூடியைத் திரும்பத் தட்டின்மேல் வைத்தான். தயார் செய்த வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "பேஜார்னு சொன்னதெல்லாம் சும்மாடா, பாண்டியா. அதுவும் போச்சுன்னா இந்த வூட்ல நான் யார்கிட்ட பேசறது? ஞாயித்துக்கெழம பூரா வாயத் தொறக்காம கெடக்கறேன். எனக்கு பயமா கீதுடா," என்றேன். இவ்வளவுதான் வந்தது.

அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். திமிரிக்காரரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் திமிரிக்காரரின் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் தோட்டத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து, மூடி வைத்த தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

"இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா."

பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டான். என்னைப் பார்த்தான். "காரமே இல்லியேக்கா. நீ மொளகாய அள்ளிக் கொட்டுவியே?"

"பிருந்தாவுக்கு காரம் ஆகாது."

அதற்குப் பிறகு அவன் தலையைத் தூக்கவே இல்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். அன்று பிருந்தாவுக்கு வெறும் கழுநீர்தான்.

ஐந்து மணி பஸ்ஸில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டான், மறுநாள் அவனுக்கு ஷிஃப்ட். நான் வாசல்வரை போய்விட்டு வந்து விளக்கைப் போட்டேன். அவன் சாப்பிட்ட தட்டு அதே இடத்தில் காய்ந்து கிடந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகும்வரை நான் அதைக் கழுவவில்லை.